வெயில் பற்று

மதுரையில் அந்த டாக்டரம்மா
என் இடது காதை விளக்கடியில் மடக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:
"பிறந்ததிலிருந்து மொத்தம் எவ்வளவு வெயில் பட்டிருப்பீங்க?"

பாம்பன் ஐஸ் கம்பெனியில்
பதினொரு வருஷமாய் ராத்திரிக் கணக்கு எழுதுகிறவன் நான்.
எந்தப் படகு எத்தனை பார் ஏற்றியது,
யார் பாக்கி, யார் பைசல்,
நோட்டைத் திறக்காமலே சொல்வேன்.
இதற்கு மட்டும் வாய் வரவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் கூட்டிப் பார்த்தேன்,
ஜன்னல் திரையை இறுகப் பிடித்தபடி
மானாமதுரை தாண்டி, பரமக்குடி தாண்டி.

திங்கட்கிழமைக் கொடிவணக்கம், நாற்பது நிமிஷம்.
"வெள்ளைக்காரன் முன்னால நிக்கட்டும், பாக்க அழகா இருக்கும்"
என்பார் பி.டி. வாத்தியார். எட்டு வருஷம்.

அப்பாவோடு வத்தையில் போன ஒரே ஒரு பகல்.
தலைக்கு மேலே ஒன்று,
தண்ணீருக்குள் எண்ண முடியாத அத்தனை.
முதுகு கொப்புளித்து மூன்று நாள் குப்புறக் கிடந்தேன்.
அதற்கப்புறம் அவர் என்னைக் கடலுக்குக் கூப்பிடவில்லை.
கோபமா பயமா, கேட்காமலே புதைத்துவிட்டோம்.

பெண் பார்க்கத் தங்கச்சிமடம் போன மத்தியானம்.
குடை இருந்தது. விரிக்கவில்லை.
சீக்காளி என்று சொல்லிவிடுவார்களோ என்று
கச்சான் காற்றில் மணல் மேல் ஒரு மைல்.
அதையும் சேர்க்க வேண்டும்.

கொப்புளம் ஆறும், டாக்டரம்மா சொன்னார்,
ஆனால் தோல் எழுதி வைத்துக்கொள்ளும்.
எனக்கு எங்கள் ஊர் மீன் வியாபாரி ஞாபகம் வந்தது.
இருபது வயதில் சிரித்துக்கொண்டே முன்பணம் தருவார்.
அறுபதிலும் மீன் அவருக்குத்தான்.

"செதில் செல் புற்று. ஆரம்பம்தான், எடுத்துடலாம்."
செதில் என்றதும் சிரித்துவிட்டேன்.
எங்கள் தெருவில் கடலுக்குப் போகாத ஒரே ஆம்பளை,
எனக்குத்தான் முளைக்க வேண்டுமா?

"மத்தவங்களுக்குத் தோலுக்குள்ளயே ஒரு குடை விரிஞ்சிருக்கு.
அதனால எதுவுமே வராதுன்னு இல்ல. குறைவு.
உங்களுக்கு அந்தக் குடை இல்ல, அவ்வளவுதான்."

அவ்வளவுதான்.

பிரகாசி காலை ஏழுக்கு நெத்திலி பரப்புகிறாள்.
மேகத்தைப் பார்த்தால் கெட்ட வார்த்தை சொல்லுவாள்.
மூட்டம் போட்டால் அவளுக்கு நானூறு ரூபாய் போச்சு;
எனக்கு அன்றைக்குத்தான்
அரைக்கையோடு டீக்கடை வரைக்கும் நடை.
அதுவும் தப்பாம்.
மேகத்துக்குள்ளும் பாதிக்கு மேல் இறங்கிவிடுமாம்.
பிரகாசியிடம் சொன்னேன்.
"அப்ப என் மீனு ஏன் காயல?" என்றாள்.
டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம்.

க்ரீம் ஒரு ட்யூப் அறுநூற்று நாற்பது.
கூடவே வாரம் ஒரு மாத்திரை:
ஒளிந்து ஒளிந்து என் எலும்புக்கு வெயில் குறைந்துவிட்டதாம்.
வாசலில் கொட்டிக் கிடப்பதை
அட்டையில் எண்ணி வாங்குகிறேன்.

காதின் மேல் விளிம்பில் ஒரு துண்டு இப்போது இல்லை.
கண்ணாடி அந்தப் பக்கம் சரிகிறது.
"எலி கடிச்ச காது" என்கிறாள் ஜோவிட்டா, ஆறு வயசு,
அம்மாவின் நிறம்.
க்ரீமை அவளே பிதுக்கி
பிடரியில், காது மடலின் பின்னால்,
நான் எப்போதும் மறக்கிற இடத்தில்
அழுத்தித் தேய்க்கிறாள்,
சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மும்முரத்தில்.

நேற்று விடியலில் கடைசிப் பாரும் இறங்கியது.
தொப்பி, முழுக்கை, கறுப்புக் கண்ணாடி,
எல்லாம் கையில் இருந்தது, மாட்டவில்லை.
பாலத்துக்குக் கிழக்கே
அது எழும்பி வந்தது, ஈரம் சொட்டச் சொட்ட.
என் கண்ணுக்கு ஒரு கலங்கல் ஆரஞ்சு, அவ்வளவே தெரியும்.

உள்ளே போய் நோட்டின் கடைசித் தாளில்
தேதி போட்டு எழுதினேன்:
ஆறு பதினேழு. இரண்டு நிமிஷம்.
வரவுப் பத்தியில் எழுதப் போன கை
கொஞ்சம் நின்று,
பற்றுப் பத்திக்கு நகர்ந்தது.