பூட்டு வாங்கிய வகையில்

எங்கள் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் உண்டு, பூட்டு இல்லை.
தாழ்ப்பாளும் காற்றுக்காகத்தான்.
அலென்டேஜு மேட்டில் காற்று
கேட்டுக்கொண்டு நுழைவதில்லை.

நாற்பத்தொரு பேர். ஒரே பணப்பை.
'எனது' என்று வாய்தவறிச் சொல்பவர்
ஒரு நிமிடம் கண்மூடி நிற்க வேண்டும்.
முதல் வருஷம் நாள் முழுக்க
யாராவது எங்காவது நின்றுகொண்டே இருந்தார்கள்,
தக்காளிப் பாத்தியில், கழிப்பறை வாசலில்,
ஒருமுறை யோஸ்ட், பாதி ஏணியில்.

பல்வலி வந்தால் எப்படிச் சொல்வது என்று வீப்கே கேட்டாள்.
அன்றிரவு கூட்டம் மூன்று மணி நேரம்.
பல் மட்டும் சொந்தம் என்று முடிவாயிற்று.

கணக்கு என் பொறுப்பு.
யாரும் எதையும் வைத்துக்கொள்ளாத இடத்தில்
எல்லாவற்றையும் எழுதிவைக்க ஒருத்தி வேண்டியிருக்கிறது.
செம்மறிப்பால் சீஸ் பதினெட்டு வட்டம், இதலினாவிடம்.
அவள் முதல் நாளே கேட்டாள்:
உங்களில் முதலாளி யார்?
யாருமில்லை என்றோம்.
அப்படியானால் பாக்கியை யாரிடம் கேட்பது?
எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

ஒன்பது வருஷத்துக்கு ஒருமுறை
பெல்மீரு கோடாலியோடு வருவார்,
கார்க் மரங்களின் பட்டையை உரிக்க.
உரித்த மரம் செக்கச்சிவந்து நிற்கும்,
குளிக்கும்போது கதவு திறந்துகொண்டதுபோல.
அந்த வருஷத்தின் கடைசி இலக்கத்தை
வெள்ளைப் பெயின்டில் எழுதிவிட்டுப் போவார்.
இனி ஒன்பது வருஷம் யாரும் தொடக்கூடாது.
எங்கள் மீதும் யாராவது
ஓர் எண் எழுதியிருக்கலாம்.
தினமும் காலை ஆறு மணிக்கு வட்டமாய் உட்கார்ந்து
அவரவர் தோலை அவரவரே உரித்துக்கொள்கிறோம்.

பிப்ரவரியில் சீஸ் குறையத் தொடங்கியது.
முதலில் ஒரு விரல் அகலம். பிறகு ஒரு கை.
பிரச்சினையைத் தியானத்தில் வைத்தோம்.
இருமலுக்கு நடுவே ஹார்ட்முட் சொன்னார்:
எடுப்பவரின் பசியை நேசிப்போம்.
நேசித்தோம்.
மறுநாள் ஒரு முழு வட்டம் போயிருந்தது.

பூட்டு வாங்கலாம் என்று ஒப்புக்கொள்ள ஒன்பது மணி நேரம்.
மூன்று பேர் அழுதார்கள்.
ஒரு குடும்பம் விடியும் முன்பே வேனில் ஏறியது.
ஜன்னல் வழியே அவர்கள் மகள் கேட்டாள்,
ஒற்றைக்கண் கோழியை இனி யார் அடைப்பீர்கள்?
எழுதிக்கொண்டேன்.

சாவி யாரிடம் என்பதற்கு மேலும் இரண்டு கூட்டம்.
யாரிடம் கொடுத்தாலும் அவர் முதலாளி ஆகிவிடுவார்.
கடைசியில் அலமாரிக்குப் பக்கத்திலேயே
ஓர் ஆணி அடித்து மாட்டினோம்.

அன்றிரவு நோட்டைத் திறந்தேன்.
பூட்டு ஒன்று, நான்கு யூரோ இருபது.
எந்த வகையில் எழுதுவது?
உணவா? கருவியா? பழுது பார்த்ததா?
பென்சிலில் எழுதிவிட்டு
பசிக்கிறதா இல்லையா என்று தெரியாமலே
சமையலறைக்குப் போனேன்.
விளக்குப் போடவில்லை.
ஆணி இருக்குமிடம் கைக்குத் தெரியும்.

ஆணியில் சாவி இல்லை.
யோஸ்ட் தரையில் உட்கார்ந்திருந்தான், மடியில் ரொட்டி.
என்னைக் கண்டதும் எழுந்து
கண்ணை மூடிக்கொண்டு நின்றான்,
ஒரு நிமிடம், முழுசாக.
நான் என்ன சொல்ல?
பிப்ரவரியின் அந்த ஒரு விரல் அகலம் நான்தான்.
கை அகலம் யாரென்று தெரியாது.

கத்தியை வாங்கி வெட்டினேன்.
ஒரு துண்டு கொஞ்சம் பெரிதாகிவிட்டது.
இரண்டு பேரும் அதைப் பார்த்தோம்.
இரண்டு பேரும் எடுக்கவில்லை.
அதை உள்ளே வைத்து அவன் பூட்டினான்.

கூடத்துப் பலகையில் வெறுங்கால் ஓசை.
சாவியை ஆணியில் மாட்டிவிட்டு
மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டோம்.
வந்தவர் இருமலை அடக்கப் பார்த்தார்.
இருமலை வைத்து ஆளைச் சொல்லிவிடலாம்.
நாங்கள் சொல்லவில்லை.

நோட்டில் அந்த வரி
இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.