விருப்ப மனு

சீட்டு எடுத்த பணத்தில்தான்
சீட்டு கேட்டேன்.
விருப்ப மனுவுக்குப் பத்தாயிரம்.
இருபது வருஷம் பசை வாளி தூக்கிய கை
படிவத்தில் ‘தகுதி’ என்ற கட்டத்துக்கு வந்ததும்
கொஞ்சம் நின்றது.

நேர்காணல் ஒன்றரை நிமிஷம்.
“எவ்ளோ செலவு பண்ணுவீங்கம்மா?”
வார்டில் எத்தனை தெருக்குழாய் என்று
மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன்.

பட்டியல் இரவு பதினொன்றே முக்காலுக்கு வந்தது.
எங்கள் வார்டுக்கு எதிரே இருந்த பெயரை
அயனாவரத்தில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை.
விடிந்ததும் அந்தப் பெயருக்கு
நானே சுவர் பிடித்தேன்,
நானே வெள்ளையடித்தேன்.

யாருடைய விருப்பத்தை
யாரிடம் மனுவாகக் கொடுத்தேன்?
இஸ்திரி வண்டி குப்பம்மாவை யாரும் கேட்கவில்லை,
ஆட்டோ ஸ்டாண்டில் யாரையும்.
கட்சி அட்டை இல்லாவிட்டால் என்ன,
குப்பை வண்டி வராத நாளில்
அவர்களுக்கும்தானே நாறுகிறது.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தைத் திறந்துவைத்து
“எங்களில் இத்தனை பேர் கேட்கிறார்கள்,
யாரை நிறுத்தலாம், நீங்கள் சொல்லுங்கள்” என்றால்
கொடி என்ன இறங்கியா போய்விடும்?
வட்டச் செயலாளரிடம் கேட்டேன்.
டீ சொன்னார்.

•

குடியிருப்போர் சங்கத் தேர்தல் ஆடியில் வந்தது.
அறுபத்து நாலு வீடு, வீட்டுக்கு ஓர் ஓட்டு,
செயலாளர் பதவிக்கு மூன்று பேர்.
இந்தத் தடவை பெயருக்கு நேரே
ஒன்று, இரண்டு, மூன்று போடுங்கள் என்றாள்
புள்ளியியல் படிக்கும் ஜெயசீலி.
“மூணு பேருக்கும் ஓட்டா? இன்னாம்மா கூத்து?”
“ஓட்டு ஒண்ணுதான் அங்கிள்.
வஞ்சிரம் இல்லன்னா சங்கரா வாங்கிட்டு வான்னு
சொல்லி அனுப்ப மாட்டீங்க?”
அதற்கப்புறம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

கேரம் பலகைமேல் எண்ணினார்கள்.
தனசேகர் இருபத்தேழு.
மஸ்தான் இருபத்தாறு.
நான் பதினொன்று.
பழைய கணக்கென்றால் அங்கேயே பட்டாசு.
ஆனால் பாதியை யாரும் தாண்டவில்லை.
என் மூலையில் கிடந்த தாள்களை எடுத்து
இரண்டு எங்கே என்று
ஒவ்வொன்றாகப் பார்த்தாள் ஜெயசீலி.
என்னைப் பிடித்தவர்களுக்கு
என்னை விட்டால் யாரைப் பிடிக்கும் என்பது
என் கண்ணெதிரே தெரிந்தது.
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

மூன்று தனசேகரிடம் போயின.
எட்டு மஸ்தானிடம்.
எட்டில் ஒன்றில், இரண்டுக்கு வால் நீளம்:
அது என் கையெழுத்து.
சம்ப் சாவிச் சண்டைக்கப்புறம்
நாலு வருஷமாக அவரோடு நான் பேசியதில்லை.

முப்பத்து நாலு என்று அறிவித்ததும்
மாலைக்குக்கூட நிற்காமல்
ஐ.சி.எஃப்.பில் ஃபிட்டராக இருந்த அந்த மனிதர்
மூன்று மாடி ஏறி வந்து
என் கதவருகே மூச்சு வாங்கினார்.
“உன் எட்டுப் பேருக்கு இன்னா வேணும், சொல்லு.”
பி பிளாக் மாடிப்படிக்கு விளக்கு என்றேன்.
அப்புறம், சம்ப் சாவி.
சிரிக்கவில்லை.
குறித்துக்கொண்டார்.

•

வார்டுத் தேர்தலன்று வரிசையில் நின்றேன்.
விரலில் மை.
அட்டைத் தடுப்புக்குள் பதினாலு பெயர்,
நான் வெள்ளையடித்த பெயர் மூன்றாவதாக.
கை கொஞ்சம் நின்றது,
படிவத்தில் நின்றதுபோல.
அழுத்தினேன்.
நீளமாக ஒரு பீப்.

இன்னும் ஏதோ கேட்பார்கள் என்பதுபோல
அங்கேயே நின்றிருந்தேன்.
“அவ்ளோதாம்மா,” என்றார் அதிகாரி,
“போங்க.”