பச்சை விட்ட பக்கம்

ஓஸ்த்ராவாவில், எட்டாவது மாடி.
இரவு டிராமை ஓட்டி முடித்து
மூன்றரைக்கு வீடு திரும்புகிறேன்.
விளக்கைப் போடுவதில்லை.
தொட்டிக்குள் ஒருவன் இன்னும் வேலையில் இருக்கிறான்.
கட்டையைச் சுரண்டுகிற ஓசை:
நமத்துப்போன பெட்டியில் தீக்குச்சியை உரசுவதுபோல,
பற்றாமல், மறுபடி, மறுபடி.

இவனுக்கு முன்னால் ஒன்று இருந்தது.
அதைச் சொல்லியாக வேண்டும்.

மீன்கடை ரோஸ்திஸ்லாவ் சொன்னான்:
"பாசி தின்னும் கெளுத்தி. தனியாகத் தீனி வேண்டாம்.
கண்ணாடியை நக்கியே பிழைத்துக்கொள்ளும்.
சம்பளம் இல்லாத வேலைக்காரன்."
சம்பளம் இல்லாத என்றதும் எனக்குப் பிடித்துவிட்டது.
மின்கட்டணம் இரண்டு மடங்கான வருடம் அது.
நக்குகிற வாய்க்குச் செக்கென்ன, சிவலிங்கமென்ன
என்று நானும் இருந்துவிட்டேன்.

மூன்றே வாரம். கண்ணாடி பளிங்கு.
அண்ணி யார்மிலா விரலால் தடவிப் பார்த்து
"என் ஜன்னலுக்கும் ஒன்று வாங்கிக் கொடு" என்றாள்.
சிரித்தோம்.
அது அப்போதும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது,
வாய் எங்களைப் பார்க்க,
முத்தமிடுவதுபோல.
வயிறும் எங்களைப் பார்த்துத்தான் இருந்தது.
கரண்டியின் உட்புறம்போலக் குழிந்திருந்தது.
பார்க்கத் தெரியவில்லை.

துடைத்து வைத்த வீட்டில்
அது பட்டினியால் செத்தது.
இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்ல வராது.

இப்போது இருக்கிறவன் தாடிக்காரன்.
மூக்கின் மேல் கிளைகிளையாய்ச் சதைமுடி,
யாரோ கோபத்தில் வேர்களை நட்டதுபோல.
இவனுக்குக் கட்டை உண்டு, கடிக்கவும் ஒளியவும்.
சுக்கினியை வட்டமாக நறுக்கி, வெந்நீரில் காட்டி,
முட்கரண்டியில் குத்தி இறக்குகிறேன், அப்போதுதான் மிதக்காது.
வீட்டில் உள்ள நான்கு முட்கரண்டிகளில் ஒன்று
நிரந்தரமாக நீருக்கடியில்.
மூன்று பேருக்கு மேல் விருந்துக்கு அழைப்பதில்லை.
காலையில் பார்த்தால் சதை போய்த்
தோல் மட்டும் பச்சை மோதிரமாய்க் கிடக்கும்.
உடனே எடுத்துவிட வேண்டும், நீர் கெட்டுவிடும்.

புதன்கிழமை வாளி நாள்.
கால்பங்கு நீரை இறக்கி, கால்பங்கு ஏற்றுவேன்.
ஒரு நாள் வைத்திருந்த நீர்,
முழங்கையை விட்டுச் சூடு பார்த்த நீர்.
கைக்குழந்தை இல்லாத வீட்டில்
முழங்கைக்கு இப்படியொரு வேலை.

முன்கண்ணாடியை மட்டும் துடைக்கிறேன்.
"பின்பக்கம் ஏன் பச்சையாகக் கிடக்கிறது?" என்கிறாள் யார்மிலா.
"அது அவனுடைய பக்கம்."

வியாழனிலிருந்து அவன் மண்குழாயை விட்டு வரவில்லை.
சுக்கினி வைத்தபடியே இருந்தது.
இரண்டாம் நாள் எனக்குக் கை நடுங்கியது.
கைவிளக்கை அடித்துப் பார்த்தேன்:
உடம்புக்கு அடியில் ஆரஞ்சு மணிகள்,
நாற்பது இருக்கும், ஐம்பதும் இருக்கலாம்.
துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கிறான்.
முட்டையிட்டவள் கட்டைக்குப் பின்னால்
தன்பாட்டுக்குத் தின்கிறாள்.
வெள்ளையாகிப்போன ஒன்றை
வாயால் தள்ளி வெளியே போட்டான்.
வாசலில் என் வெளிச்சம் பட்டதும் தாடியைச் சிலிர்த்தான்.

இந்தப் பட்டினி அவனுடையது.
இதில் எனக்குப் பங்கில்லை.
என்றாலும் தினமும் வெட்டி வைக்கிறேன்,
தினமும் முழு வட்டத்தை எடுத்து எறிகிறேன்.

ஏழாம் நாள் மணிகளுக்கு வால் முளைத்தது.

ரோஸ்திஸ்லாவ் போனில் கேட்டான்:
"வளர்ந்ததும் எனக்குத் தருவாயா? நல்ல விலை போகும்."
"வாங்குகிறவர்களிடம் என்ன சொல்வாய்?" என்றேன்.
கொஞ்ச நேரம் அவன் கடையின் காற்றுக்குமிழிச் சத்தம் மட்டும்.

பழைய முட்கரண்டிகள்
கிலோ கணக்கில் எங்கே கிடைக்கும் என்று
யார்மிலாவிடம் விசாரித்திருக்கிறேன்.
பைக்கு ஒன்று.