வேர்க் கணக்கு

வக்கீல் மேசையில் கையெழுத்திட்ட தாளில்
படகு என்சியோவுக்கு,
நகராட்சித் தோட்டத்தில் நாற்பத்தொன்றாம் எண் மனையும்
அதிலுள்ள மரக்குடிலும் எனக்கு.
பாப்பிச் செடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை.
ஜனவரி மாதம். குவோப்பியோவில் இடுப்பளவு பனி.
கண்ணில் படாததை யார் பங்கு கேட்பார்கள்?

ஆகஸ்டில் வந்தான், மண்வெட்டியோடு.
கேட்டைத் தட்டவில்லை,
ஒரு சாவி இன்னும் அவனிடம் இருந்தது.
"நான் நட்டது, துவோவி" என்றான்.
நட்டது அவன்தான்.
பதினாறு கோடை அதற்கு முட்டுக் கொடுத்தது நான்,
பையன் உடைத்த ஹாக்கி மட்டைகளால்.
பன்னின் மேல் தூவும் கசகசாவுக்குப் பங்காளி முறை,
ஆனால் அடுப்படிக்கு உதவாது.
அதற்கா இவ்வளவு?

ஆகஸ்ட்தான் தோது என்று அவனுக்குத் தெரியும்.
பூ முடிந்து, இலை பழுத்து, வைக்கோலாய்ச் சரிந்து
ஜூலைக் கடைசியில் பாத்தி நடுவே சொட்டை விழும்.
பழகாதவர்கள் பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றுவார்கள்,
அதிலேயே அழுகும்.
செத்ததல்ல, தூங்குவது.
அப்போதுதான் இடம் மாற்றலாம்,
காரில் உறங்கிப்போன பிள்ளையை
மாடிக்குத் தூக்கிப் போவதுபோல.

முழங்கை ஆழம் தோண்டினான்.
ஆணிவேர் இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது.
இழுத்தான்.
டக்.
எங்கள் இருவருக்கும் கேட்டது, இருவரும் பேசவில்லை.
ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு போனான்.
குழியை மூடவில்லை.

மே மாதம் உருளைக்கிழங்கு நடப் போனால்
குழியின் ஓரத்தில் ஐந்து முளை,
சவரம் செய்யாத தாடைபோல் சொரசொரவென்று.
அவனுடையதை அவன் கொண்டுபோய்விட்டான் அல்லவா,
எனக்கு எதற்கு?
பிடுங்கினேன்.
பிடுங்க வந்தது இலை மட்டும்.
ஜூனில் ஒன்பது.
அறுந்த துண்டு ஒவ்வொன்றும்
தன்னை முழுச்செடி என்றே நம்பிக்கொண்டது.

சரி, இருந்துவிட்டுப் போ என்றேன்.
உருளைக்கிழங்கை வேலியோரம் நகர்த்தினேன்.

மூன்றாம் கோடையில் மொட்டு.
மயிர் மூடிய தலையைத் தொங்கவிட்டபடி ஒரு வாரம்,
பிறகு கழுத்து நிமிர்ந்தது.
யுஹன்னுஸ் விழாவுக்கு முந்தைய இரவு,
இருட்டாத இரவு,
மேலோடு இரண்டாய்ப் பிளந்து கீழே விழுந்தது.
பெட்டியின் அடியில் கசங்கிய பட்டுச்சட்டைபோல்
இதழ்கள் வெளியே வந்து
தாமே மடிப்பு நீக்கிக்கொண்டன.
சிவப்பு. அடியில் கறுப்பு மறு.
உள்ளே ஒரு தடித்த வண்டு
கரித்தூளில் புரண்டு, வழி மறந்து, மறுபடி புரண்டது.
காப்பி ஆறியது.
மறுநாள் மழை. அவ்வளவுதான்.

ஜூலையில் என்சியோ போன் செய்தான்.
பால்கனித் தொட்டியில் வைத்தது
போன வருஷமே அழுகிவிட்டதாம்.
"நான் படகில் இருந்த வாரம்
மாரித்தா தினமும் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள்."
மாரித்தா யாரென்று நான் கேட்கவில்லை.
"உன்னிடம் ஏதாவது மிச்சம்...?" என்றான்.
ஒன்பது என்று சொல்லவில்லை. பார்க்கிறேன் என்றேன்.

சொட்டை விழுந்த பிறகு ஒன்றைத் தோண்டினேன்.
பென்சில் பருமனில், விரல் நீளத்தில் ஆறு துண்டு.
மேல்முனையில் நேர்வெட்டு, கீழ்முனையில் சாய்வெட்டு;
இல்லாவிட்டால் மேலும் கீழும் ஒன்றுபோலவே இருக்கும்,
தலைகீழாய் நட்டுவிடுவோம்.
பால் அட்டைப்பெட்டியில் மணல் நிரப்பிச் செருகினேன்.
ஹாக்கி மட்டையில் ஒன்றையும் சேர்த்துக் கட்டினேன்,
பிறகு அவிழ்த்து எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை வந்தான்.
சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டைத் தட்டினான்.
பெட்டியின் மேல் நான் எழுதியிருந்ததை
அங்கேயே நின்று வாசித்தான்:

நேர்வெட்டு மேலே.
பூக்க இரண்டு வருஷமாவது ஆகும்.
ஜூலையில் தண்ணீர் வேண்டாம்,
மாரித்தாவிடமும் சொல்.