வாங்கும் காது

அளவுநாடாவின் ஒரு முனையை என் மூக்கில் வைத்துவிட்டு
மறுமுனையோடு பின்னுக்குப் பின்னுக்குப் போனான் துவாரகன்.
இரண்டு மீற்றர் பத்து.
தொலைக்காட்சிக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று,
நடுவில் சப்பையாய் ஒன்று,
உடுப்பு அயன் பண்ணும் மேசை நின்ற மூலையில் ஒன்று,
கறிவேப்பிலைச் சாடியை நகர்த்திவிட்டு இன்னொன்று.
ஐந்துக்கும் மத்தியில் நான்,
சோலிங்கன் பல்வைத்தியர் ஒருவர் கழித்துவிட்ட
சுழல்கதிரையில்.

"அசையாதே. இதுதான் இடம்.
இதில இருந்து ஒரு சாண் தள்ளினாலும் வேறை பாட்டு."

அவன் பிறக்க எட்டு வருடம் முந்திய இசைத்தட்டு.
நாலு ஆங்கிலேயர், நாலு பேருக்கும் சேர்த்து
ஒரு கூந்தல் பின்னலாம்.
இப்போது யாரோ அந்தப் பழைய டேப்புகளை
சிக்கெடுத்து, இழை இழையாய்ப் பிரித்து
மூலைக்கு மூலை கட்டிவிட்டிருக்கிறார்.

எனக்கு இடது காது
தோடு போட மட்டும்.
ஆறு வயதில் கூகைக்கட்டு வந்து போனபோது
காதை விட்டுவிட்டுக் கேள்வியைக் கொண்டுபோயிற்று.
ஒரு காதால் வாங்கி மறு காதால் விடுகிறாய் என்று
வகுப்பில் எல்லாரையும் ஏசிய ரீச்சர்
என்னிடம் வந்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.
எனக்கு வாங்க மட்டும்தான் வாசல்.
வந்தது உள்ளேயே கிடக்கும்.
எல்பர்ஃபெல்ட் சந்தையில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால்
முழுதாய் ஒரு வட்டம் சுற்றித்தான்
ஆளைப் பிடிப்பேன்.

பதினொரு வருடமாக என் வலப்பக்கமே நடக்கிறான்.
தொங்கு ரயிலில் வலப்பக்க இருக்கை இல்லையென்றால்
வுப்பர் ஆற்றுக்கு மேலே ஆடி ஆடி
நின்றுகொண்டே வருவான்.
அப்படிப்பட்டவன்
இன்றைக்குத் திசைகளைக் காசு கொடுத்து வாங்கிவந்து
மறந்துபோனான்.
நான் சொல்லவில்லை.
முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

முதல் பாட்டு.
எல்லாம் ஒரே கதவால் முண்டியடித்து ஏறின,
காலை ஏழு மணி பார்மன் சனம்போல.
"பின்னாலை ஓர்கன் கேக்குதா?"
கேட்கிறது.
பின்னாலா என்று யாருக்குத் தெரியும்.

இரண்டாம் பாட்டில் கால் தன்பாட்டுக்கு நிலத்தை உந்தியது.
கதிரை திரும்பியது.
பாடகர் என் தலையின் நிழலுக்குள் போய் நின்றார்.
கிற்றார் வந்தது, தனியாக,
கம்பியில் விரல் வழுக்கும் சத்தத்தோடு.
இன்னும் கொஞ்சம் உந்த, ட்ரம்ஸ்.
இன்னும் கொஞ்சம்,
கறிவேப்பிலைப் பக்க ஸ்பீக்கருக்கு நேரே காதைக் கொடுத்தபோது
ஓர்கனுக்கும் அடியில்
ஒருவர் செருமினார்.
பிறகு வாய்க்குள்ளே, கணக்குத் தவறியவர்போல,
மூன்று, நாலு. இல்லை. மூன்று, நாலு.

"ஒருத்தர் எண்ணுறார்."
"எங்கை? நான் முப்பது தரம் கேட்டிட்டன்."
திரும்பப் போட்டான். இல்லை என்றான்.
"அந்த மூலையில. மற்ற ஆக்களை எல்லாம் நிப்பாட்டிப்போட்டுக் கேள்."
"எப்பிடி நிப்பாட்டுறது?"

அப்போதுதான்.
பார்வை போய் என் இடது தோட்டில் தொங்கியது.
மன்னிப்புக்குத் திறந்த வாயை
வேண்டாம் என்று கையால் மூடி,
எழும்பி இடம் கொடுத்தேன்.
தோப்புக்கரணத்துக்கு நிறுத்திய பெடியன்போல
இடது காதுக்குள் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.
நான் சுழற்றினேன், மெல்ல,
ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் திறப்பதுபோல.
ஓரிடத்தில் அவன் புருவம் ஏறி நின்றது.
மூன்று, நாலு, என்று
உதடு அசைந்தது.

அந்த நேரம் பார்த்து
டொக். டொக் டொக்.
தாளத்தோடு சேராத தட்டு.
பத்தேகால். கீழ்வீட்டு ஃபிராவ் லிண்டே,
தும்புத்தடியின் பின்பக்கம்.
எனக்குப் பாதத்தில் தெரிந்தது.

அவன் விரல் இன்னும் காதுக்குள்.
கோழி பார்ப்பதுபோலத் தலையை அங்கும் இங்கும் சாய்த்து,
கதிரையோடு ஒரு முழு வட்டம் சுற்றிவந்து
என்னைக் கேட்டான்:

"இது எந்த ஸ்பீக்கர்?"