தன்மை ஒருமை

நோயாளி "நான்" என்றால்
நானும் "நான்" என்றே சொல்லவேண்டும்.
அதுதான் விதி. மணிக்கு அறுபது பிராங்க்.
அதனால் இன்று காலை, பாசல் ஆஸ்பத்திரியில்,
ஜன்னலுக்கு வெளியே ரைன்
சாம்பல் நிறத்தில் வீங்கிப் போய்க்கொண்டிருக்க,
"எனக்கு எச்ஐவி, பதினொரு வருடமாக.
மூன்று மாதம் மாத்திரையை விட்டுவிட்டேன்"
என்று ஜெர்மனில் சொன்னேன்.
டாக்டர் ஏகன்ஷ்வீலர் என்னைப் பார்க்கவில்லை,
அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.
முறை தெரிந்தவர்.

அவர் நாக்கை நீட்டினார்.
ஓரங்களில் வரிவரியாய் வெள்ளை,
சுரண்டினாலும் வராத வெள்ளை.

ஷ்பைஹல், என்றார் டாக்டர்.
எனக்கு மூன்று சொல் வந்தது.
துப்பல் என்றால் ரோட்டோரம்.
எச்சில் என்றால் தட்டைத் தள்ளி வைப்பார்கள்.
உமிழ்நீர், என்றேன்.
"என்னது?"
எச்சில், என்றேன்.

குழாயில் பிடித்த எச்சிலை எழுத்தெழுத்தாய்ப் படித்திருக்கிறார்கள்.
ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ். ஒன்றேதான்,
ஆனால் நாலு விதமான எழுத்துப்பிழைகளோடு.
அவற்றில் இரண்டு, ஒன்றையொன்று வெட்டி ஒட்டி
ஐந்தாவதாய் ஒன்றைச் செய்துகொண்டிருக்கின்றன
நாக்கின் இடது ஓரத்தில்.

"வேற வேற ஆக்களிட்ட இருந்து வந்ததோ?"
இருக்கலாம், என்றார் டாக்டர்.
ஒரு முத்தம். ஒரே கரண்டி. பாலை ருசி பார்த்துத் தந்த வாய்.
யார், எப்போது என்பதை மரபணு சொல்லாது.

அவர் விரல் மடித்து எண்ணத் தொடங்கினார்.
இரண்டோடு நிறுத்திவிட்டார்.
அதை மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

மாத்திரையை மறுபடி தொடங்கினால் வெள்ளை போய்விடும்,
வைரஸ் போகாது, உறங்கும்.
இதைச் சொல்லிவிட்டு டாக்டர்
முதல்முறையாக என் பக்கம் திரும்பினார்:
"உங்களிடமும் இருக்கும். என்னிடமும்.
பத்தில் ஒன்பது பேரிடம் சும்மா படுத்துக் கிடக்கிறது."

நான் தமிழில் வாயைத் திறந்தேன்.
"என்னிடமும் இருக்கும்."
அந்த "நான்" யாருடையது என்று
ஒரு கணம் எனக்கே தெரியவில்லை.
அவர் நிமிர்ந்தார்.
"உமக்குமோ?"
ஓம், என்றேன்.
எது என்று அவர் கேட்கவில்லை.
திருத்த நேரமிருந்தது. திருத்தவில்லை.
அவர் தோள் இரண்டும் ஜாக்கெட்டுக்குள்
கொஞ்சம் கீழே இறங்கியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நோயாளியோடு வெளியில் கதைக்கக் கூடாது.
அவர் ஏறிய டிராமை விட்டுவிட்டேன்.
அடுத்ததற்கு எட்டு நிமிடம்.
குளிரில் நின்று
நாக்கின் இடது ஓரத்தைப் பல்லில் தேய்த்துப் பார்த்தேன்.
வழுவழுவென்றுதான் இருந்தது.
இன்னொரு முறை தேய்த்தேன்.