இழுத்துப் பாருங்க

புளியரைக் கணவாயில் சாரல் இறங்கும் நாட்களில்
மைதீன் பிச்சையின் மோதிர விரல்
மற்ற விரல்களோடு ஒத்துப்போகாது.
கையை மூடச் சொன்னால்
அது மட்டும் யாரையோ குற்றம் சாட்டி நீட்டி நிற்கும்.

மாவு மிஷின் கடித்த விரல்.
கம்பி எடுத்து ஏழு வாரம்.
மெழுகில் முக்குகிறேன்.
"இது ஒரு சூடா? எங்க கல்லைத் தொட்டுப் பாருங்க."
பிசையச் சொல்லி புட்டி கொடுத்தால்
எண்ணெய் கேட்கிறார்.

நாற்பத்தெட்டு, ஐம்பத்தொன்று என்று
நான் எழுதும் டிகிரி அவருக்கு வேண்டாம்.
நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே
முதலில் ஒரு முட்டை போகும் என்றார்,
பிறகு எலுமிச்சை,
ஆடி பிறந்தபோது பேரீச்சங்கொட்டை.

நடு மூட்டை அழுத்துகையில் பேச்சு நின்றுவிடும்.
பத்துவரை எண்ணுவேன்.
ஏழிலிருந்து எட்டுக்குக் கொஞ்சம் மெதுவாகப் போவேன்,
அது அவருக்குத் தெரியும்.

இன்று
ஆரியங்காவில் வாங்கிய லாட்டரிச் சீட்டை
நாலாய் மடித்து அந்த விரலடியில் வைத்து மூடினார்.
"இழுங்க."
இழுத்தேன்.
பாதி கிழிந்து என் கையோடு வந்தது.
பதறிப்போனேன்.

"நேத்தே குலுக்கியாச்சும்மா, விழல"
என்றார்,
மீதிப் பாதியை விடாமல்.